கறிக்கடை எலும்பில் கிட்டார் நட்: செய்யலாமா, வெட்டி வேலையா?

கேத்திக்காரன்:
என் பழைய அக்குஸ்டிக் கிட்டாரில் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டைப் போன வாரம் கழற்றினேன். வெள்ளை பிளாஸ்டிக், அதுவும் அடியில் குடைந்த வெறும் கூடு. பிளாஸ்டிக்குக்குத் தடை போட்ட மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை வைத்துத்தான் இத்தனை வருடம் வாசித்திருக்கிறேன். அந்தக் கோபத்தில் மார்க்கெட்டுக்குப் போய் மாட்டுக்கால் எலும்பு ஒன்று வாங்கி வந்துவிட்டேன். நட், மறுமுனையில் மேல்பலகை மேல் இருக்கும் பிரிட்ஜில் உட்காரும் சேடில், இரண்டையும் இதிலேயே அறுக்க எண்ணம். இப்போது ஃப்ரீசரில் இருக்கிறது. அம்மா சூப்புக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். குக்கரில் வேக வைத்து எடுத்தால் போதுமா?

ஆறுகம்பி:
தம்பி, அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள், சூப்பாவது மிஞ்சும். அறுத்துக் காய வைத்துச் சதுரமாக்கிய எலும்புத் துண்டு சில நூறு ரூபாய்க்குத் தபாலில் வருகிறது. அப்புறம், நட்டை மாற்றி என்ன ஆகப்போகிறது? ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விரலை அழுத்தியதுமே நட்டின் வேலை முடிந்தது. அதன் பிறகு கம்பி அதிர்வது அந்த ஃப்ரெட்டுக்கும் சேடிலுக்கும் நடுவில்தான். "எலும்பு போட்டேன், சத்தம் திறந்துகொண்டது" என்று சொல்கிறவர்கள் கூடவே புதுக் கம்பியும் மாட்டியிருப்பார்கள். கேட்டது அதன் சத்தம்.

ரம்பம்:
சத்தத்தைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம். முதலில் குக்கரை எடுத்து உள்ளே வையுங்கள். ஆசாரிகள் மரம் ஒட்டுவதற்கு வச்சிரம் எப்படிக் காய்ச்சினார்கள்? தோலையும் எலும்பையும் கொதிக்க வைத்துத்தான். எலும்பின் எடையில் பாதிக்கு மேல் தாது உப்பு. அதைப் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். குக்கரில் வேக வேக கொலாஜன் கரைந்து குழம்பில் போகும், எலும்பு சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஆகிக்கொண்டே வரும். கம்பி உட்காரும் காடியை (பள்ளத்தை) அறுக்கும்போது ஓரம் ஓரமாக உதிரும்.

நம் ஊரில் ஒரு வசதி உண்டு. ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேகவில்லை என்று நாம் திட்டுகிற அதே விஷயம் எலும்புக்கு நல்லது. இரண்டு முனைக் குமிழையும் அறுத்துத் தள்ளுங்கள், அது வெறும் பஞ்சு எலும்பு. மஜ்ஜையைக் குச்சியால் தள்ளி, ஒட்டியிருக்கும் சவ்வைச் சுரண்டி எடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அரைமணி நேரம், தளதளவென்று கொதிக்க விடாமல் சிறு தீயில். அப்புறம் நீளவாக்கில் பிளந்து, தினம் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் மாற்றி ஒரு வாரம் ஊற வையுங்கள். கொழுப்பு போகாவிட்டால் ஆறு மாதத்தில் மஞ்சள் எண்ணெய் கசியும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், அதுவும் கொலாஜனைத் தின்னும். வெள்ளையாக வேண்டுமென்றால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். எனக்கு வெண்ணெய் நிறம்தான் பிடிக்கும்.

மலைரயில்:
காய வைப்பது பற்றி, குன்னூரில் பட்டவன் சொல்கிறேன். மொட்டை மாடியில் வைக்காதீர்கள். நான் வைத்த முதல் இரவே பக்கத்து வீட்டு நாய் கவ்விக்கொண்டு போனது. அது நாயாக இருந்தது என் அதிர்ஷ்டம். எங்கள் தெருவில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, கரடியும் வரும். வீட்டுக்குள் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் விரிசல் விடும். இந்தப் பனிமூட்டத்தில் மூன்று வாரமாவது ஆகும்.

எலும்பு கனமாக வேண்டுமென்றால் இன்னொரு வழி: சோலை ஓரத்தில் செத்துக்கிடந்த காட்டுமாட்டு எலும்பு சில சமயம் கண்ணில் படும். கடமான் உதிர்த்த கொம்பும்.

ரம்பம்:
அதைக் கையால்கூடத் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி செத்த விலங்கும் அரசாங்கச் சொத்து. தானாக உதிர்ந்த கொம்பை எடுத்தேன் என்று சொன்னாலும் வழக்குதான். எப்படிச் செத்தது என்று தெரியாத எந்த மாட்டின் எலும்பும் வேண்டாம். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்திருந்தால் அதன் கிருமி வித்துகள் சூட்டுக்கு எளிதில் சாகாது. கறிக்கடை எலும்பு போதும்.

மலைரயில்:
சரி, வாபஸ்.

கோத்தகிரி அக்கா:
நான் வீணையும் கிட்டாரும் சொல்லிக் கொடுக்கிறவள். வீணையில் கம்பியைத் தாங்குவதைக் குதிரை என்போம். கிட்டாரில் அந்தக் குதிரைக்கு மேல் சேணமும் போட்டிருக்கிறார்கள், சேடில் என்று! எனக்கு இதில் இரண்டு வருத்தம். ஒன்று, அறுக்கும் தூள். மாஸ்க் இல்லாமல் எலும்பை அறுப்பதும் தேய்ப்பதும் நுரையீரலுக்குக் கேடு, நாற்றம் வேறு. இரண்டாவது, என் மாணவர்களில் பாதிப் பேர் சைவ வீட்டுப் பிள்ளைகள். கிட்டாரில் மாட்டெலும்பு இருக்கிறது என்று சொல்லாமல் விற்பது எனக்கு உறுத்துகிறது. கோரியன், மைக்கார்ட்டா மாதிரி செயற்கைப் பொருள்கள், பித்தளை என்று எத்தனையோ இருக்கும்போது இந்தப் பிடிவாதம் எதற்கு?

கேத்திக்காரன்:
அக்கா, இது எனக்கே எனக்கான கிட்டார். கறிக்காக வெட்டிய மாட்டில் மிஞ்சியதைத்தான் எடுத்திருக்கிறேன். சித்தாரில் கம்பியைத் தாங்கும் ஜவாரியையே மான்கொம்பிலும் ஒட்டக எலும்பிலும் செய்துவந்தார்களே?

கோத்தகிரி அக்கா:
செய்தார்கள். யானைத் தந்தத்திலும்தான் செய்தார்கள். அதனால் அது சரியாகிவிடுமா? உங்கள் கிட்டாருக்கு நீங்கள் செய்வதில் எனக்கு ஒன்றுமில்லை. விற்கும்போது சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஆறுகம்பி:
அக்கா கேட்டதையே நான் வேறு பக்கமிருந்து கேட்கிறேன். எலும்பு ஒரே சீரான பொருள் இல்லை. ஒரே துண்டில் ஒரு பக்கம் இறுக்கமாக இருக்கும், ஒரு பக்கம் நுண்துளையாக இருக்கும். சேடிலுக்கு அடியில் பீசோ பிக்கப் (அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது) வைத்திருந்தால் ஒரு கம்பி கத்தும், பக்கத்துக் கம்பி முனகும். டஸ்க் மாதிரி செயற்கைப் பொருளில் அந்தத் தொல்லை குறைவு. வேலையும் மிச்சம்.

ரம்பம்:
பீசோ விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. மீதிப் பாதி, சேடிலின் அடிப்பாகம் சமமாக இல்லாதது. கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தால் பல நேரம் அது தீர்ந்துவிடும். டோனுக்காக எலும்பு என்று நானும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மலிவு பிளாஸ்டிக் நட்டில் கம்பி சிக்கிச் சிக்கி, முறுக்கும்போது "டிங்" என்று குதிக்கும், சுருதி நிற்காது. எலும்பைப் பளபளப்பாகத் தேய்த்தால் கம்பி வழுக்கும், காடியும் சீக்கிரம் தேயாது. எனக்கு அந்தக் காரணம் போதும். ஆட்டுக்காலில் முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நட்டுக்கு 6 மி.மீ. கனம் வேண்டும், அதில் வராது.

இன்னொன்று: சேடிலை இரண்டாகச் செய்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஈரம் குடித்து கிட்டாரின் மேல்பலகை உப்பும், கம்பி உயரும். 12ஆம் ஃப்ரெட்டில் 1 மி.மீ. இறக்க வேண்டுமென்றால் சேடிலை 2 மி.மீ. தேய்க்க வேண்டும். தேய்த்தது திரும்பி வராது. மழைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று.

கேத்திக்காரன்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். அம்மாவுக்கு உண்மை தெரிந்து ஒரு நாள் பேசவில்லை. ஹேக்சா பிளேடில் மூன்று சாயங்காலம் அறுத்தேன், தூள் பறக்காமல் ஈரத்தோடு, மாஸ்க் போட்டு. முதல் துண்டு நீளவாக்கில் பிளந்து வீணானது. இரண்டாவதில் நட் வந்தது, 43 மி.மீ. நீளம். சேடிலும் முடிந்தது. திருகும்போது வந்த "டிங்" போயே போய்விட்டது.

ஆறுகம்பி அண்ணாவுக்காகத் தங்கையை வைத்து ஒரு சோதனையும் செய்தேன். பழைய சேடில், புதிய சேடில், இரண்டுக்கும் அதே கம்பி. மாற்றி மாற்றிப் போட்டு நான் வாசிக்க, அவள் திரும்பி உட்கார்ந்து சொல்ல வேண்டும். பத்தில் ஆறு சரியாகச் சொன்னாள்.

ஆறுகம்பி:
காசு சுண்டியிருந்தாலும் அது கிடைத்திருக்கும்.

கேத்திக்காரன்:
தெரியும் அண்ணா. ஒரே குறை: தடிமனான ஆறாம் கம்பிக்குக் காடி கொஞ்சம் ஆழமாகிவிட்டது. கம்பி பாதி மேலே தெரிய வேண்டும் என்று படித்தேன், ஆனால் அரம் வேகத்தில் உள்ளே போய்விட்டது. விரல் வைக்காமல் மீட்டினால் முதல் ஃப்ரெட்டில் இரைகிறது. மறுபடியும் முதலிலிருந்தா?

ரம்பம்:
வேண்டவே வேண்டாம். அறுத்தபோது விழுந்த எலும்புத் தூளைக் காய வைத்து அந்தக் காடியில் நிரப்பி, ஒரு சொட்டு ஃபெவிக்விக் விடுங்கள். கல்லாக இறுகும். அப்புறம் பொறுமையாக மறுபடி காடி போடுங்கள். தூளை எடுத்து வைத்திருக்கிறீர்கள்தானே?

கேத்திக்காரன்:
அம்மா ரோஜாச் செடிக்குப் போட்டுவிட்டார். சமாதானத்துக்கு நானேதான் கொடுத்தேன்.

ரம்பம்:
மிச்ச எலும்பை உப்புத்தாளில் தேயுங்கள். ஒரு சிட்டிகை போதும்.