மழைக்கால மலைப்பாதைக்கு ஒரு பிக்கப்: எதை முதலில் செய்வது?

தேயிலைச்சாரல் (பந்தலூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பந்தலூர் பக்கம் இரண்டரை ஏக்கரில் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி நான். எங்கள் வீட்டிலிருந்து தார்ச்சாலையை எட்டுவதற்கு மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதையைக் கடக்க வேண்டும். அதன் நடுவில் ஓடையின் குறுக்கே ஒரு தரைப்பாலம் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பாதை எப்படி இருக்கும் என்பதைத் தேவாலா, சேரம்பாடி பக்கத்து நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், பெரிய சவுக்கு மரம் ஒன்று பாதையின் குறுக்கே சாய்ந்துவிட்டதால், அவரை வாடகை ஜீப்பில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் மழையில் நின்றேன். கையில் ஒரு வெட்டுக்கத்தி மட்டுமே இருந்தது. இனி அப்படி ஒரு நிலை வரக்கூடாது என்பதற்காகவே 2017ஆம் ஆண்டு ஐசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். 2.5 லிட்டர் டீசல், நான்கு சக்கர இயக்கம், இதுவரை 1,10,000 கிலோமீட்டர் ஓடியது.

இதை அவசர காலத்துக்கு ஏற்றபடி தயார் செய்ய மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து நான் எழுதி வைத்திருப்பவை: ஸ்நார்க்கல் (என்ஜினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்), இரும்பு பம்பருடன் வின்ச் (கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி), வண்டியை உயர்த்தும் கிட், பெரிய டயர், கனமான கமான் பட்டைகள் (பின் அச்சில் பாரம் தாங்கும் வில் பட்டைகள்), இரண்டாவது பேட்டரி, கூரைக் கூடாரம், கூரை விளக்குகள், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி. இவற்றில் எதை முதலில் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


பாறைப்பாதை (கோவை) எழுதியது:

வணக்கம் நண்பரே. பதினாறு ஆண்டுகளாக நான்கு சக்கர இயக்க வண்டிகளோடு பழகி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் வண்டியின் எடையைக் கூட்டுபவை. இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் முன்பக்கத்தில் மட்டும் நூறு கிலோ ஏறிவிடும். கூரைக் கூடாரம் இன்னொரு ஐம்பது, அறுபது கிலோ. செம்மண் சேற்றில் வண்டி புதைவதற்கு எடைதான் முதல் காரணம். முதல் வேலையாக, டீசலை நிரப்பிக்கொண்டு, வழக்கமாக ஏறும் ஆட்களோடு ஏதாவது ஓர் எடைமேடைக்குப் போங்கள். அங்கே வரும் எண்ணை உங்கள் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டால், இன்னும் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பது தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் இரட்டை வரிசை இருக்கை பிக்கப்புகளில், பின் அச்சுக்கு வெகு பின்னால் பாரத்தை ஏற்றிப் பள்ளத்தில் இறக்கியதால் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸே வளைந்துபோன சம்பவங்கள் உண்டு. அங்கே கடைக்குக் கடை விற்கும் பொருள்களைத்தான் நாம் இங்கே காணொளியில் பார்த்து ஆசைப்படுகிறோம்.

கனமான கமான் பட்டைகள் வேண்டவே வேண்டாம். பாரம் இல்லாத பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கெனவே குதிக்கும். பட்டையைக் கடினமாக்கிவிட்டு அப்பாவை மூன்று கிலோமீட்டர் பள்ளம் மேட்டில் அழைத்துப்போவது அவருக்குத் தண்டனையாகிவிடும். பட்டைகளையும் அவற்றின் ரப்பர் புஷ்களையும் பார்த்து, தேய்ந்திருந்தால் அதே அளவில் மாற்றி, நல்ல ஷாக் அப்சார்பர் போட்டால் போதும்.

பணத்தை முதலில் டயரில் போடுங்கள். கம்பெனி அளவிலேயே, பக்கச்சுவர் தடித்த, எல்லாப் பாதைக்கும் ஏற்ற ஆல்-டெரெய்ன் வகையில் ஐந்து வாங்குங்கள். ஸ்டெப்னியும் அதே வகையாக இருக்க வேண்டும். பிறகு 12 வோல்ட் காற்றுக் கம்ப்ரசரும் காற்று அளவியும் வேண்டும். சாலையில் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வைத்து ஓட்டும் டயரைச் சேற்றுக்கு முன்பு 22 வரை இறக்கினால், தரையில் படியும் பரப்பு நீண்டு, அதே வண்டி வேறு வண்டி போல நடந்துகொள்ளும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். இறங்கிய காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும்.

அடுத்ததாக, யாரும் காணொளி எடுக்காத ஒரு வேலையைச் சொல்கிறேன். அச்சுகளிலும் கியர்பாக்ஸிலும் பிரீதர் என்ற சிறு காற்றுத்துளை இருக்கும். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது, உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கித் தண்ணீரை ஆயில் சீல் வழியாகவும் அந்தத் துளை வழியாகவும் உள்ளே இழுக்கும். ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டால் பற்களும் பேரிங்குகளும் மெல்ல மெல்லச் சாகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஆறு மாதம் கழித்து நடுக்காட்டில் தெரியும். துளைகளில் ரப்பர் குழாயைப் பொருத்தி, என்ஜின் அறையின் மேல்மட்டம் வரை கொண்டுபோய்க் கட்டினால் செலவு இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகாது. பழைய வண்டி என்பதால், பின் டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயிலை இறக்கி அதன் நிறத்தை முதலில் பாருங்கள்.

வண்டியைக் கட்டி இழுக்கும் விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். அடியில் இருக்கும் மெல்லிய வளையங்கள், வண்டியை லாரியில் ஏற்றும்போது கட்டுவதற்கானவை. புதைந்த வண்டியை இழுப்பதற்கானவை அல்ல. சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கிய, எடை குறித்த கொக்கிகளை முன்னும் பின்னும் பொருத்துங்கள். 4.75 டன் எனப் பொறித்த ஷேக்கிள் (பட்டையைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையம்) நான்கு, நீளும் தன்மையுள்ள நைலான் இழுவைப் பட்டை ஒன்று, மரத்தில் சுற்றும் அகலப் பட்டை ஒன்று, சக்கரத்தின் அடியில் செருகும் பலகை ஒரு ஜோடி, மண்வெட்டி ஒன்று ஆகியவை இருந்தால், வின்ச் இல்லாமலேயே பெரும்பாலான சேறுகளிலிருந்து வெளியே வந்துவிடலாம். இழுக்கும்போது டிரெய்லர் மாட்டும் குண்டில் பட்டையை மாட்டவே கூடாது. அது முறிந்து பீரங்கிக் குண்டு போலப் பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது.

உங்களை ஐந்து மணி நேரம் நிறுத்தியது மரம்தான் என்பதால், நல்ல கை ரம்பமும், பழகியவர் கையில் ஒரு செயின்சாவும் இருந்தால், அவை வின்ச்சைவிட உங்களுக்கு அதிகமாக உழைக்கும்.


தாமிரபரணிக்கரை (ஸ்ரீவைகுண்டம்) எழுதியது:

மேலே அண்ணன் எழுதியதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். ஸ்நார்க்கலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை எல்லோரும் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது; எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஒரு ரயிலே சிக்கி நின்றது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒருவர், ஸ்நார்க்கல் பொருத்திய தன் பிக்கப்பில் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நல்ல மனதோடுதான் புறப்பட்டார். தண்ணீர் கதவின் பாதியைக்கூட எட்டவில்லை, என்ஜினும் நிற்கவில்லை. ஆனால் வாய்க்கால் உடைப்பிலிருந்து பக்கவாட்டில் வந்த நீரோட்டம், வண்டியின் பின்பக்கத்தை அப்படியே தூக்கி வயலை நோக்கித் திருப்பியது. ஒரு வேப்பமரம் தடுத்ததால்தான் ஏழு பேரும் பிழைத்தார்கள். கயிறு போட்டு அவர்களை ஒவ்வொருவராக இறக்கியவர்களில் நானும் ஒருவன்.

ஓடும் தண்ணீர் இரண்டு அடி உயரம் இருந்தாலே பெரும்பாலான வண்டிகளை, பிக்கப்பையும் சேர்த்து, அடித்துக்கொண்டு போய்விடும். ஸ்நார்க்கல் என்ஜினின் மூச்சைக் காப்பாற்றுமே தவிர, சக்கரத்தின் பிடியைக் காப்பாற்றாது. உங்கள் தரைப்பாலத்தில் கோடைக்காலத்திலேயே ஒரு கம்பத்தை நட்டு, அரை அடிக்கு ஒரு வண்ணக்கோடு போட்டு வையுங்கள். எந்தக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் வண்டி இறங்கக்கூடாது என்பதை வெயில் நாளில், அமைதியாக உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். கொட்டும் மழையில், அப்பா பின்னால் முனகிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் முடிவு சரியாக இருக்காது.

இன்னொன்றும் உண்டு. தண்ணீருக்குள் என்ஜின் நின்றுபோனால், மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அழுத்த முடியாது என்பதால், ஒரே சுழற்சியில் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசல் டேங்க்கை மழை மாதங்களில் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்; மின்சாரம் போய்விட்டால், ஜெனரேட்டர் இல்லாத பங்க்கில் எண்ணெய் இருந்தும் கிடைக்காது.


வெண்சீருடை (செவிலியர், ஈரோடு) எழுதியது:

வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாது, தம்பி. பதினொரு ஆண்டுகள் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால் அப்பாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால், அடுத்த முறைக்கான நாள் வரும்வரை காத்திருக்காமல், ஒரு நாள் முன்னதாகவே டயாலிசிஸ் செய்துகொள்ள முடியுமா என்று உங்கள் மையத்தில் கேளுங்கள். இந்த ஏற்பாட்டைப் பற்றி இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. மழை வந்த பிறகு எல்லோரும் கேட்பார்கள். பாதை அடைபட்டுப் போகக்கூடும் என்று தோன்றினால், டவுனில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிடுவது எந்த வண்டியைவிடவும் பாதுகாப்பானது.

அப்படியும் மாட்டிக்கொண்டால் என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதற்குச் சிறுநீரக மருத்துவரிடம் மூன்று நாள் அவசர உணவுத் திட்டம் ஒன்றை எழுதி வாங்கி, வண்டியிலேயே வையுங்கள். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் உதவ வருகிறவர்கள் முதலில் நீட்டுவது வாழைப்பழமும் இளநீரும்தான். இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. டயாலிசிஸ் தவறிய உடம்பில் அது சேர்ந்தால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். சோர்வாக இருக்கிறாரே என்று உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தையும் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதிலும் பொட்டாசியம் உண்டு. உதவுகிறவர்களுக்குத் தெரியும்படி, அவர் ஒரு டயாலிசிஸ் நோயாளி என்று எழுதிய அட்டையை அவர் சட்டைப்பையில் வையுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, ஊசி போடவோ, அந்தக் கையைப் பிடித்து இழுக்கவோ கூடாது என்பதையும் அதே அட்டையில் எழுதுங்கள். வண்டியிலிருந்து தூக்கி இறக்கும்போது பெரும்பாலும் அந்தக் கையைத்தான் பிடிப்பார்கள்.

பின் இருக்கையில் ஒரு கம்பளி, தலையணை, உலர்ந்த மாற்றுடை ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். நனைந்த முதியவருக்கு உங்கள் மலைக்குளிர் சீக்கிரம் ஏறிவிடும்.


அலைவரிசை (சென்னை) எழுதியது:

பட்டியலில் கடைசியாக இருக்கும் செயற்கைக்கோள் கருவியைத் தயவுசெய்து வாங்க வேண்டாம். வெளிநாட்டில் கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் அந்தப் பொருளை, இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம்; வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். சிக்னல் இல்லாத மூன்று கிலோமீட்டருக்கு, 446 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், உரிமம் தேவைப்படாத குறைந்த சக்தி வாக்கி-டாக்கி ஒரு ஜோடி வாங்கி, ஒன்றைத் தார்ச்சாலை ஓரத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். நடுவில் மலை முகடு மறைத்தால் எட்டாது என்பதால், எந்த வளைவிலிருந்து பேச முடிகிறது என்பதை முன்கூட்டியே நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநில அறையின் 1070, ஆம்புலன்ஸின் 108 ஆகிய எண்களைத் தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். போன் நனைந்துபோனால் தாள்தான் இருக்கும்.

இரும்பு பம்பர் குறித்தும் ஒரு வார்த்தை. வண்டிக்கு முன்னால் பொருத்தும் இரும்புக் காப்புக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. எனவே எதைப் பொருத்துவதற்கு முன்பும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.


தேயிலைச்சாரல் (பந்தலூர்) எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று கூடலூரில் மெக்கானிக்கிடம் வண்டியை ஏற்றிப் பின் டிஃபரன்ஷியலின் போல்ட்டைக் கழற்றச் சொன்னேன். தட்டில் இறங்கிய ஆயில், தேநீரில் பால் கலந்த நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது. முந்தைய உரிமையாளர் எத்தனை ஓடைகளில் இறக்கினாரோ தெரியவில்லை. மெக்கானிக் அதை விரலில் தொட்டு என்னிடம் காட்டிவிட்டு, பேரிங்கைத் திறந்து பார்க்காமல் மூடுவது சரியில்லை என்றார். ஆகவே ஸ்நார்க்கலுக்கு வைத்திருந்த பணம் அங்கேயே போகிறது. பிரீதர் குழாய்களையும் அதே நாளில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை என் சொந்த அக்காவுக்குப் போன் செய்தேன். சிவப்பு எச்சரிக்கை வந்தால், கூடலூரில் அவர் வீட்டில் அப்பா தங்கிக்கொள்ளலாம் என்று முடிவாகிவிட்டது. டயாலிசிஸ் மையத்தில் வெள்ளிக்கிழமை பேசுகிறேன். இளநீர் பற்றிப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது, வெண்சீருடை அக்கா. அன்று அந்த ஐந்து மணி நேரத்தில், பக்கத்துத் தோட்டத்துக்காரர் அன்போடு கொண்டுவந்த இளநீரில் பாதியை நான்தான் அப்பாவுக்குக் குடிக்கக் கொடுத்தேன்.

பாறைப்பாதை அண்ணனிடம் ஒரு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது. தரைப்பாலத்தைத் தாண்டியதும் வரும் ஏற்றத்தில், 4எல் (குறைந்த வேக நான்கு சக்கர இயக்கம்) போட்டு முதல் கியரில் ஏறும்போது பின்சக்கரம் ஒன்று சுழன்று நின்றுவிடுகிறது. அங்கே காற்றை 22க்கும் கீழே இறக்கலாமா, அல்லது பின்தொட்டியில் அச்சுக்கு நேர் மேலே இரண்டு மணல் மூட்டை வைத்துப் பார்க்கட்டுமா?