ரயில் கூரையிலும் கட்டட உச்சியிலும் நான் சந்தித்த பிள்ளைகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரயில் மின்கம்பிப் பராமரிப்புக் குழுவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஓடும் ரயிலின் கூரையில் நிற்பவர்கள், சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு ஊர் கடப்பவர்கள், கைவிடப்பட்ட கட்டடங்களின் உச்சிக்கு ஏறிப் படம் எடுப்பவர்கள் ஆகிய மூன்று வகையினரையும் பணிக்காலத்திலும் அதற்குப் பிறகும் நேரில் கண்டு பேசியிருக்கிறேன். இவர்களைப் பற்றி எழுதும் சிலர் இவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று கடிந்திருக்கிறார்கள். வேறு சிலர் அவர்களுடைய துணிச்சலை வியந்திருக்கிறார்கள். என் அனுபவம் இரண்டிலிருந்தும் வேறுபடுகிறது. நான் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் கையால் பற்றும் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் நன்றாகப் பார்த்துவைத்திருந்த கவனமான பிள்ளைகள். உயரத்துக்கும் வேகத்துக்கும் அவர்கள் ஆயத்தமாகவே இருந்தார்கள். ஆனால் மின்சாரம், துரு, இணைப்புகளின் இழுவை போன்ற, பார்வைக்குத் தெரியாதவற்றை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவற்றைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

ரயில் கூரையில் நிற்பதை இங்கே ‘ஸ்டாஃப் ரைடிங்’ என்பார்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சொவேட்டோ, கட்லஹோங் போன்ற இடங்களில் நெரிசல் மிகுந்த ரயில்களின் வெளிப்புறத்தில் தொங்கிச் செல்லத் தொடங்கிய வழக்கம், பின்னர் இளைஞர்களின் வீரவிளையாட்டாக மாறியது. டர்பனில் அது அந்த அளவுக்குப் பரவவில்லை என்றாலும், மெர்பேங்கிலிருந்து பிரிந்து சாட்ஸ்வொர்த்துக்குச் செல்லும் பாதையில் மாலை நேர ரயில்களின் கூரையில் பள்ளிச் சீருடைகளைக் கண்டிருக்கிறேன். அவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து நம் முன்னோரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்ற அதே 1860ஆம் ஆண்டில்தான் இந்த நாட்டின் முதல் ரயிலும் அதே ஊரில் ஓடியது. அதன் பின் பாதைகள் நீண்டபோது தண்டவாள வேலைக்குச் சென்றவர்களில் நம் மக்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களின் வழிவந்த பிள்ளைகள் அதே பாதையில் கருகுவதைக் காணும்போது ஏற்படும் வேதனையை என்னால் அளந்து சொல்ல முடியாது.

டர்பன் புறநகர்ப் பாதைகளின் மேலே செல்லும் கம்பியில் 3,000 வோல்ட் நேர்மின்னோட்டம் பாய்கிறது. கூரையில் நிற்கும் பையன், கம்பி நடுவில் ஒரே நேர்கோடாகச் செல்கிறது என்றும், தான் ஓரமாகக் குனிந்திருந்தால் போதும் என்றும் எண்ணுகிறான். நாங்கள் கம்பியை அப்படிக் கட்டுவதில்லை. கம்பியை உரசி மின்சாரம் எடுக்கும், ரயிலின் கூரைமேல் சட்டமான பாண்டோகிராப் ஒரே இடத்தில் தேயாமல் இருப்பதற்காக, ஒரு கம்பத்தில் சற்று இடப்புறமாகவும் அடுத்த கம்பத்தில் சற்று வலப்புறமாகவும் இழுத்துக் கட்டுவோம். மேம்பாலங்களின் அடியில் கம்பி மேலும் தாழ்ந்து வரும். இவை தவிர, இன்ஜின் பொருந்திய பெட்டியின் கூரையிலேயே அதே 3,000 வோல்ட் பாயும் பாகங்கள் இருக்கின்றன. அவை ஆபத்தானவை என்று பார்த்தவுடன் தோன்றுவதில்லை. மனித உடலில் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் இதயத்தின் வழியாகப் பாய்ந்தாலே அது துடிப்பின் ஒழுங்கை இழந்துவிடக்கூடும். 3,000 வோல்ட்டைத் தொடும்போது உடலினூடே அதைப் போலப் பல மடங்கு பாய்கிறது.

நான் மருத்துவமனையில் சென்று பார்த்த ஒரு பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். அந்தப் பாதையின் ஒவ்வொரு பாலத்தையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவன். ஒரு பாலம் கடந்ததும், அடுத்த பாலம் வருவதற்கு நேரம் இருக்கிறது என்று எழுந்து, பின்னால் இருந்த நண்பனைப் படம் எடுப்பதற்காகக் கைப்பேசியை உயர்த்தியிருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது. வெளியே பார்த்தால் உள்ளங்கையில் ஒரு புண்ணும் குதிகாலில் ஒரு புண்ணும் மட்டுமே இருந்தன. “கையில் சின்னக் காயந்தானே அங்கிள், ஏன் வீட்டுக்கு விடமாட்டேன் என்கிறார்கள்?” என்று என்னிடம் கேட்டான். மின்சாரம் நுழைந்த இடத்துக்கும் வெளியேறிய இடத்துக்கும் நடுவே, எலும்பை ஒட்டிய தசை உள்ளுக்குள் வெந்துபோயிருக்கும். இறந்த தசையிலிருந்து கசியும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். வீங்கும் தசை, தன்னைச் சுற்றிய இறுக்கமான உறைக்குள் சிறைப்பட்டு, இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும் என்பதால் மருத்துவர்கள் கையை நீளவாக்கில் கீறித் திறந்துவைத்திருந்தார்கள். பல நாள் முயன்றும் அந்தக் கையைக் காப்பாற்ற முடியவில்லை. அவனுடைய அம்மா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது, அவன் கீழே விழவே இல்லையே, பிறகு எப்படி இது நடந்தது என்பதைத்தான்.

அண்மைக் காலத்தில் இதைவிடக் கவலை தரும் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது பல இடங்களில் செம்புக் கம்பிகள் களவாடப்பட்டன. 2022 ஏப்ரலில் டர்பன் அமைந்த குவாசூலு நட்டால் மாகாணத்தைத் தாக்கிய வெள்ளம் பாதைகளை அரித்துக்கொண்டு போனது. ரயிலே வராத பாதையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், மேலே தொங்குவது உயிரில்லாத கம்பி என்றே பழகிவிட்டார்கள். பாதை சீராக்கப்பட்டு மின்சாரம் திரும்பும்போது கம்பியின் நிறமோ ஓசையோ மாறுவதில்லை. வீட்டில் மின்வெட்டு நேரம் என்றால் ரயில் கம்பியிலும் மின்சாரம் இருக்காது என்று வாதிட்ட பையன்களும் உண்டு. ரயில் துணைமின்நிலையங்களுக்கு உயர் அழுத்தத் தடம் தனியாக வருகிறது. உங்கள் தெருவில் விளக்கு அணைவதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. மேலும், சரிவில் இறங்கும் மின் இன்ஜின் பிரேக் பிடிக்கும்போது தானே மின்சாரத்தை உற்பத்தி செய்து கம்பிக்குள் திருப்பி அனுப்ப முடியும். இதனால்தான், மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று எழுத்தில் அனுமதி வந்த பிறகும், வேலை செய்யும் இடத்தின் இருபுறமும், மின்கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் கம்பி மாட்டாமல் எங்கள் குழுவில் ஒருவரும் கை வைத்ததில்லை.

சரக்கு ரயிலைப் பற்றி எழுத எனக்கு இன்னும் நிறைய இருக்கிறது, ஏனென்றால் அதில் செல்பவர்கள் கூரையில் நிற்பவர்களைவிடத் தங்களைப் பாதுகாப்பானவர்களாக எண்ணுகிறார்கள். டர்பன் துறைமுகத்தை ஒட்டிய பேஹெட் யார்டில் ஒரு விடியற்காலையில், கன்டெய்னர் வேகன்கள் இரண்டுக்கு நடுவே குந்தியிருந்த இரு இளைஞர்களைப் பார்த்தேன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து லேடிஸ்மித், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாக வந்திருந்தார்கள். ஒருவன் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியைச் சேர்ந்த தமிழ்ப் பையன். தேநீர் கொடுத்து உட்காரவைத்தபோது, மலைச்சரிவில் சூரியன் எழுந்ததை அவன் சொன்ன விதம் உண்மையிலேயே அழகாக இருந்தது. அந்த மகிழ்ச்சியைப் பொய் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எப்போது ஏறினாய் என்று கேட்டதற்கு, “நின்றிருக்கும்போதுதான் அங்கிள், ஓடும்போது ஏறவே மாட்டேன்,” என்று பெருமையுடன் பதில் சொன்னான்.

நின்றிருக்கும் வண்டியில்தான் பலர் கால் இழந்திருக்கிறார்கள். வேகன்களை இணைக்கும் கப்ளிங்குகளில் சிறிதளவு தளர்ச்சி உண்டு. ஒன்றில் அது சில சென்டிமீட்டர்தான். நீண்ட வண்டியில் எல்லாம் சேர்ந்து சில மீட்டர் ஆகிவிடும். முன்னால் இன்ஜின் நகரும்போது பின்னால் எதுவுமே அசைவதில்லை. தடதடவென்று ஓர் ஓசை வண்டி நெடுகிலும் ஓடிவந்து, அந்த வேகனை அடையும் கணத்தில் மொத்த எடையும் ஒரே இழுப்பாக இழுக்கும். கப்ளிங்கின் மேல் ஒரு காலும் வேகன் விளிம்பில் ஒரு காலுமாக நிற்பவனுக்குக் கை பற்ற நேரம் கிடைப்பதில்லை. ஓட்டுநர் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கலாம். அலறல் அவருக்குக் கேட்காது. கேட்டாலும் சுமையேறிய வண்டி உடனே நிற்காது.

அந்தப் பையனின் அடுத்த திட்டம், எர்மெலோவிலிருந்து ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கு நிலக்கரி வண்டியில் செல்வது. 1976இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் 200 வேகன்கள் கொண்ட வண்டிகள் ஓடுகின்றன. மேலே செல்வது 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம். அந்த அழுத்தத்தில் கம்பியைத் தொட வேண்டிய தேவையே இல்லை, நெருங்கினாலே மின்சாரம் காற்றைக் கடந்து தாவிவிடும். நிலக்கரிக் குவியலின் மேல் எழுந்து நிற்பவன் எவ்வளவு நெருங்கியிருக்கிறான் என்பது அவனுக்கே தெரியாது. துறைமுகத்தில் நடப்பதையும் அவனிடம் விளக்கினேன். அங்கே வேகனின் கதவைத் திறந்து நிலக்கரியை இறக்குவதில்லை. டிப்ளர் என்ற இயந்திரம் வேகனை அப்படியே பற்றித் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டுகிறது. இரவெல்லாம் விழித்திருந்தவன் கரியின் மேல் அயர்ந்து தூங்கிப்போனால் அவனுடைய கதி என்ன என்று கேட்டேன். அவன் தேநீரைக் கீழே வைத்துவிட்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தான். திட்டுகளை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறான். அந்த இயந்திரத்தைப் பற்றி அன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. பிற்பாடு அவன் மினிபஸ்ஸில்தான் வீடு திரும்பினான் என்று அவனுடைய மாமா எனக்குத் தகவல் அனுப்பினார்.

கட்டடம் ஏறுவோரை நான் அறிந்தது என் அக்காள் மகன் மூலமாக. ஜேக்கப்ஸ், மோபெனி பகுதிகளில் உள்ள பழைய தொழிற்சாலைக் கூரைகளில் அவனும் நண்பர்களும் ஏறுவது வழக்கம். அங்கே பல கூரைகள் அஸ்பெஸ்டாஸ் தகடுகளால் ஆனவை. 2008இல் இந்த நாட்டில் அஸ்பெஸ்டாஸ் தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் ஏற்கெனவே போட்ட கூரைகள் இன்னும் நிற்கின்றன. பல்லாண்டு வெயிலும் மழையும் பட்ட தகடு பாறைபோலத் தோன்றும். ஓர் ஆளின் எடையில் எச்சரிக்கை இல்லாமல் உடைந்துவிடும். அதில் வேலை செய்வோர் பலகை போட்டு, ஆணி வரிசைக்கு நேர் கீழே இருக்கும் சட்டத்தின் மேலே மட்டும் எடையை வைப்பார்கள். உடையும்போது எழும் தூசி நுரையீரலில் செய்யும் கேடோ பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்படும்.

கடற்கரையை ஒட்டிய அடுக்குமாடிகளில் ஆபத்து வேறு விதமானது. உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் ஊடுருவி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே வண்ணப்பூச்சு முழுமையாக இருக்கும் பால்கனி விளிம்பு, ஒருவன் இரண்டு கைகளால் தொங்கும்போது கட்டியாகப் பெயர்ந்து கையோடு வந்துவிடும். கைவிடப்பட்ட கட்டடங்களில் படிக்கட்டுக் கைப்பிடியையும் லிஃப்ட் கதவுகளையும் பழைய இரும்புக்காகக் கழற்றிச் சென்றிருப்பார்கள் என்பதால், இருட்டில் நடப்பவனுக்கு லிஃப்ட் குழியும் ஓர் அறை வாசலும் ஒன்றுபோலவே தெரியும்.

அந்த அக்காள் மகன், உயர்ந்த கட்டடங்களில் ஏறிப் பெயர் பெற்ற பிரான்சின் அலன் ராபேரைப் பற்றி அடிக்கடி பேசுவான். அவர் பாறை ஏறிப் பயின்றவர். 1982இல் விழுந்து படுகாயமடைந்து மீண்டவர். 2011இல் துபாயின் 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவில் ஏறியபோது இடுப்புப் பட்டையும் கயிறும் அணிந்திருந்தார். இதை அவன் அறிந்திருக்கவில்லை, காட்டியவுடன் வியந்தான். சீனாவின் வூ யோங்னிங் பற்றியும் சொன்னேன். அனுபவம் மிகுந்த அந்த இளைஞர் 2017 நவம்பரில் சாங்ஷா நகரில் 62 மாடிக் கட்டடத்தின் விளிம்பில் தொங்கி, மீண்டும் மேலே ஏறக் கைகளில் வலுவின்றி விழுந்து இறந்தார். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பேசியது, ஏறாதே என்று அக்காள் ஆண்டுக்கணக்கில் அழுததைவிட அவனிடம் வேலை செய்தது. இப்போது அவன் இன்சாங்கா அருகே ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் மான்டிசீல் மணற்பாறைகளில், அனுபவசாலிகளுடன் கயிறு கட்டி ஏறுகிறான். உயரம் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு மோசஸ் மபீடா மைதானத்தின் 106 மீட்டர் வளைவு இருக்கிறது. ரயில் மோகம் கொண்டவர்களை, கிளூஃப், இன்சாங்கா இடையே ஓடும் உம்கேனி நீராவி ரயிலின் தன்னார்வலர்களிடம் நானே அனுப்பியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாராவது கம்பியில் சிக்கிக் கிடந்தால் ஓடிப்போய்ப் பிடித்து இழுக்காதீர்கள், குச்சியால் தள்ளாதீர்கள், தீயைக் கண்டு தண்ணீர் ஊற்றாதீர்கள். காப்பாற்றப் போனவரும் அதே கம்பியில் இறந்த நிகழ்வுகள் உண்டு. விலகி நின்று கைப்பேசியில் 112 அல்லது ஆம்புலன்ஸுக்கான 10177 எண்ணை அழைத்து, ரயில் மின்கம்பி என்று முதலிலேயே சொல்லுங்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டுக் கம்பிக்கு எர்த் கொடுக்கப்பட்டது என்று ரயில்வேயிலிருந்து உறுதி வரும்வரை அருகில் செல்லாதீர்கள். அடிபட்டவர் தூக்கி எறியப்பட்டு எழுந்து நடந்தாலும், ஒன்றுமில்லை என்று சிரித்தாலும், அதே மணி நேரத்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இதயத் துடிப்பின் கோளாறும் சிறுநீரக அடைப்பும் பின்னால்தான் தலைகாட்டும். சிறுநீர் தேநீர் நிறத்தில் வந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லும்படி அவரை வற்புறுத்துங்கள்.