மடிக்கணினிக்குக் கூடுதல் வாரண்டி வாங்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். என் மகளின் கல்லூரிப் படிப்புக்காகப் புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதனுடன் வரும் ஓராண்டு வாரண்டியை மேலும் 2 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப் பணம் கட்டலாமா என்பதை முடிவு செய்ய உங்கள் அனுபவம் எனக்குத் தேவைப்படுகிறது.

தயாரிப்புக் குறைபாடுள்ள பாகங்கள் பெரும்பாலும் தொடக்க மாதங்களிலேயே பழுதாகிவிடும் என்பதால், அவை வழக்கமான வாரண்டிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. கீழே விழுவது, தண்ணீர் சிந்துவது, திரை உடைவது போன்ற சேதங்களைச் சாதாரண நீட்டிப்புத் திட்டங்கள் பொதுவாக ஏற்பதில்லை. விபத்துப் பாதுகாப்பைத் தனியாக வாங்க வேண்டும். பேட்டரியையும் தேய்மானப் பொருளாகக் கருதிப் பல திட்டங்கள் விலக்கிவிடுகின்றன. இதுவரை பார்த்தால் வேண்டாம் என்றே தோன்றுகிறது. ஆனால் நாங்கள் வாங்கிய மாடலில் நினைவகமும் செயலியும் மதர்போர்டு எனப்படும் முதன்மைச் சுற்றுப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சிறு பாகம் பழுதானாலும் முழு மதர்போர்டையும் மாற்ற நேரிடலாம் என்பதும், அதற்கான செலவு கணினியின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடக்கூடும் என்பதும்தான் என்னைத் தயங்க வைக்கின்றன. தேர்வு நேரத்தில் அவள் கணினி இல்லாமல் தவிக்கக் கூடாது என்ற கவலையும் இருக்கிறது.

நீட்டிப்பைத் தயாரிப்பாளரிடமே வாங்குவது நல்லதா, விற்பனையாளர் தரும் திட்டமும் நம்பத்தக்கதா? முதல் ஆண்டு முடிவதற்குள் வாங்கிக்கொள்ளச் சில நிறுவனங்கள் அனுமதிப்பதால், சில மாதங்கள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா? இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் மதர்போர்டை மாற்ற நேர்ந்தவர்கள், கணினி எத்தனை நாளில் திரும்பக் கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.