படம் ஓடுது, சத்தம் வரல: கோடெக் தேடிப் போட்ட அனுபவங்கள்

அம்மாப்பேட்டை வாசி:

ஏற்காட்டில் பெரியம்மா வீட்டில் நடந்தது. அக்காவின் கல்யாண டிவிடி, சேலத்து ஸ்டுடியோவில் போட்டுக் கொடுத்தது, பீரோவில் கிடந்தது. டிவிடி பிளேயர் எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டதால் லேப்டாப்பில் போட்டு, உள்ளே படத்தைத் தாங்கியிருந்த விஓபி ஃபைல்களை அப்படியே பெரியம்மாவின் போனுக்கு மாற்றிவிட்டேன். டிவிடியில் ஒரு விஓபி 1 ஜிபிக்கு மேல் போகாது, அதனால் கல்யாணம் துண்டு துண்டாகத்தான் வரும், அது பரவாயில்லை. எம்எக்ஸ் பிளேயர் என்ற வீடியோ ஆப்பில் திறந்தால் படம் பளிச்சென்று ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. கெட்டிமேளத்துக்குத் தவில்காரர் கையை ஓங்கி ஓங்கி அடிக்கிறார், எல்லோரும் அட்சதை போடுகிறார்கள், ஒரு சத்தம் கிடையாது. பாட்டி "என்ன கண்ணு, இது ஊமைப் படமா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட்டார். பெரியப்பா ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டார், போனை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்ப இருந்தார்.

ஆனால் வீடியோ தொடங்கும்போதே ஏசி3 ஆடியோவுக்கு ஆதரவு இல்லை என்று ஒரு வரி வந்து மறைந்தது. யாரும் படிக்காத அந்த வரியில்தான் விஷயமே இருக்கிறது. ஏசி3 என்பது டால்பியின் ஒலி முறை, டிவிடிகளில் சர்வசாதாரணம். உரிமச் சிக்கலால் எம்எக்ஸ் பிளேயர் டிடிஎஸ், ஏசி3 போன்ற ஒலி முறைகளை எல்லாம் தன்னிடமிருந்து கழற்றிவிட்டது, வேண்டுமானால் நீங்களே வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு வழியை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. இதில் வேடிக்கை, பழைய ஏசி3-இன் காப்புரிமை 2017-லேயே காலாவதியாகிவிட்டது!

செட்டிங்ஸில் டீகோடர் பக்கம் போய்க் கடைசி வரை கீழே இறங்கினால் கஸ்டம் கோடெக் என்று இருக்கும் (கோடெக் என்றால் சுருக்கி வைத்த படத்தையும் சத்தத்தையும் விரித்து ஓட வைக்கும் நிரல்). உங்கள் போனுக்கு எது வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கும். பெரியம்மா போனில் ஏஆர்எம்வி8 நியான் என்று புராசசர் வகையைக் காட்டியது, கூடவே பதிப்பு எண்ணும். இந்த இரண்டையும் குறித்துக்கொண்ட பிறகுதான் தேடவே போக வேண்டும், ஏனென்றால் புராசசர் மாறினாலும் பதிப்பு மாறினாலும் பிளேயர் அந்த ஃபைலை ஏற்காது. எக்ஸ்டிஏ என்ற ஆண்ட்ராய்டு ஃபோரம் தளத்தில் எல்லாப் புராசசருக்கும் சேர்த்து ஏஐஓ என்று ஒரே ஸிப்பாகக் கிடைக்கிறது, குழப்பம் வேண்டாம் என்பவர்கள் அதை எடுக்கலாம். எஸ்டேட் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, கேட்டுப் பக்கம் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றால்தான் இரண்டு கோடு வரும், அங்கே நின்று குளிரில் இறக்கினேன்.

ஸிப்பைப் பிரிக்கக் கூடாது. டவுன்லோட் ஃபோல்டரில் அப்படியே விட்டால் பிளேயர் தானாகக் கண்டுபிடித்து, இதைப் பயன்படுத்தட்டுமா என்று கேட்கும். புது ஆண்ட்ராய்டில் அனுமதி விவகாரத்தால் சில சமயம் கண்ணில் படாது, அப்போது அதே கஸ்டம் கோடெக்கைத் தொட்டு ஃபைலை நாமே காட்டிவிட வேண்டியதுதான். பிளேயர் ஒரு முறை மூடித் திறந்தது, நாதஸ்வரம் வந்தது. பாட்டிக்கு இப்போது வேறு குறை, யார் யார் மொய் எழுதாமல் சாப்பிட்டுப் போனார்கள் என்று வீடியோவைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். தேடும்போது பெரிய பச்சைப் பட்டனோடு வரும் தளங்களில் சிலது ஸிப்புக்குப் பதில் ஏபிகே ஃபைலை, அதாவது வேறு ஏதோ ஆப்பை நிறுவும் ஃபைலைக் கையில் திணிக்கும். கஸ்டம் கோடெக்காக நாம் காட்ட வேண்டியது இந்த ஸிப்பை. ஏபிகே வந்தால் தொடவே தொடாதீர்கள்.

ஐந்து ரோடு மெக்கானிக்:

இதுக்கு ஏன் தம்பி இவ்வளவு பாடு, விஎல்சி பிளேயர் போட்டிருந்தால் வேலை முடிந்தது. தனக்கு வேண்டிய கோடெக்கை அது தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது, கேட்கவும் கேட்காது, சிஸ்டத்தில் எதையும் பதியவும் பதியாது. அதன் அருமை விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கடை வைத்திருந்தவனுக்குத்தான் தெரியும். "படம் ஓடலை" என்று சிபியூவைத் தூக்கி வருவார்கள், பார்த்தால் டிவ்எக்ஸ் பேக், எக்ஸ்விட், கே-லைட், எஃப்எஃப்டிஷோ என்று கண்ணில் பட்ட கோடெக்கையெல்லாம் ஏற்றி வைத்திருப்பார்கள். இவை ஏற்றும் ஃபில்டர்கள் ஒரே வேலைக்கு மூன்று நின்றால் விண்டோஸ் எதற்கு மெரிட் எண், அதாவது முன்னுரிமை எண், அதிகமோ அதைக் கூப்பிடும், அது சரியான ஆளா என்று பார்க்காது. ஒருத்தர் மெஷினில் படம் தலைகீழாக ஓடியது, அவர் மானிட்டரைத் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தியமாக. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஜிஸ்பாட் என்ற சின்ன சாஃப்ட்வேரில் ஃபைலைப் போடுவேன், எக்ஸ்விஐடி, டிஎக்ஸ்50 என்று நாலெழுத்துக் குறி காட்டும், எது வேண்டுமோ அதை மட்டும் ஏற்றி அனுப்புவேன். ஃபைல் பெயரின் கடைசியில் வரும் ஏவிஐ, எம்கேவி என்பதெல்லாம் வெறும் டப்பா, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கோடெக் தேடக் கூடாது. இப்போது அதற்கு மீடியாஇன்ஃபோ இருக்கிறது, இலவசம்.

ஒண்டிக்கடை:

எனக்கு நேர்மாறு. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவைப் புதுப் போனில் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன், அவன் லேப்டாப்பில் பறைச் சத்தம் வருகிறது, திரை கறுப்பு. போன் ஹெச்இவிசி என்ற வீடியோ சுருக்க முறையில் பதிந்திருக்கிறது, 2013-இல் வந்த முறை, இடம் குறைவாகப் பிடிக்கும். லேப்டாப்பில் அதற்கான எக்ஸ்டென்ஷன் இல்லை, போடப் போனால் காசு கேட்டது. மெக்கானிக் அண்ணன் சொன்ன விஎல்சியில்தான் பார்த்தான். அப்புறம் கேமரா செட்டிங்ஸில் ஹெச்.264 என்ற பழைய முறைக்கு மாற்றிவிட்டேன், ஃபைல் கொஞ்சம் பெருக்கிறது, ஆனால் யாருக்கு அனுப்பினாலும் ஓடுகிறது.

அம்மாப்பேட்டை வாசி:

மெக்கானிக் அண்ணா, விஎல்சி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பெரியம்மாவுக்கு அந்த ஒரு ஐகான்தான் தெரியும். புது ஆப் போட்டுக் கொடுத்தால் எதை அமுக்க வேண்டும் என்று வாரா வாரம் எனக்குத்தான் போன் வரும். பிளேயர் அப்டேட் ஆகிப் பதிப்பு எண் மாறினால் மறுபடி புது ஸிப் வேண்டும் என்பதால் அந்த ஆப்புக்கு மட்டும் ஆட்டோ அப்டேட்டை நிறுத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.