முருங்கைக் கம்பளிப்பூச்சியால் நின்றுபோன மரத்தடி வகுப்பு: வழி தேவை

அனைவருக்கும் வணக்கம். கடலூரை அடுத்த திருவந்திபுரம் பக்கத்தில், எங்கள் 20 சென்ட் தோப்பில், 3 முதல் 5 வயது வரையுள்ள 14 குழந்தைகளுக்கு மரத்தடி மழலையர் வகுப்பு நடத்துகிறேன். 1950-களில் டென்மார்க்கில் தொடங்கிய காட்டு மழலையர் பள்ளிகளைப் போல, காலை 9 மணி முதல் 12 மணி வரை பிள்ளைகள் மண்ணிலும் நிழலிலுமே இருப்பார்கள். கூரையுள்ள அறை எங்களிடம் இல்லை.

ஐப்பசியின் முதல் மழைக்குப் பிறகு, வேலியோரத்து 6 முருங்கை மரங்களில் கம்பளிப்பூச்சிகள் பெருகிவிட்டன. பகலில் அடிமரத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கின்றன. அவற்றின் சுணை பட்டு 5 குழந்தைகளுக்குக் கழுத்திலும் கையிலும் தடிப்பும் அரிப்பும் வந்தன. ஒட்டுநாடாவால் சுணையை எடுத்து, சோப்பு போட்டுக் கழுவி, காலமைன் பூசியதில் மறுநாளே தணிந்தது என்றாலும், பெற்றோர் தயங்குவது நியாயமே. 10 நாட்களாக வகுப்பு இல்லை.

வேப்பெண்ணெய்க் கரைசலை இருமுறை தெளித்தேன். குறைந்து, மழை வந்ததும் மீண்டும் ஏறின. தாய் அந்துப்பூச்சிகள் வெளிச்சத்துக்கு வரும் என்பதால் வேலி விளக்கையும் அணைத்துவிட்டேன். தீப்பந்தம் காட்டினால் சுணை காற்றில் பறக்குமோ என்று அஞ்சி அதைச் செய்யவில்லை. கூட்டுப்புழுக்கள் மண்ணுக்குள் இருப்பதால் அடிமண்ணைக் கிளறிவிடச் சொல்கிறார்கள், ஆனால் பிள்ளைகள் ஆசையாகத் தோண்டி விளையாடும் இடமே அதுதான். எதையும் வாயில் வைக்கும் வயது என்பதால் இரசாயன மருந்தை அங்கே அடிக்க மாட்டேன்.

மரங்களை வெட்டாமல், நஞ்சு தெளிக்காமல், கார்த்திகை மழைக்கு முன் இவற்றை ஒழிக்க நீங்கள் கையாண்டு பலன் கண்ட முறை எது?