கார்த்திகை மேகமூட்டத்தில் தம்பதியரைப் படமெடுத்தல்: கண்குழிகளில் இருள் விழுவது ஏன்?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். கார்த்திகையில் திருமணம் முடிக்கும் ஒரு தம்பதியரை மறுநாள் தரங்கம்பாடிக்கு அவுட்டோர் படப்பிடிப்புக்காக அழைத்துச் செல்ல இருக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் வானம் பெரும்பாலும் மூடியே இருக்கும். ஒளி மென்மையாகக் கிடைக்கும் என்றுதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால், மேகம் மூடிய ஒரு முற்பகலில் அதே கடற்கரையில் உறவினர் இருவரை நிறுத்தி எடுத்த மாதிரிப் படங்களில், மணலில் நிழலே விழாதபோதும் கண்குழிகளும் தாடையின் கீழ்ப்பகுதியும் இருண்டிருந்தன. முகங்கள் தட்டையாகத் தெரிந்தன. சிவப்புப் புடவையின் சாயல் அருகில் நின்றவரின் தாடையில் ஏறியிருந்தது. ஃப்ளாஷ் பயன்படுத்த விருப்பமில்லை. ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவும், 35 மி.மீ., 85 மி.மீ. லென்ஸ்களும், உதவிக்கு ஒரு தம்பியும் உண்டு. அவர்களை எங்கே, எந்த நேரத்தில் நிறுத்துவது நல்லது?

முதல் பதில்:

மேகம் மூடிய வானத்தின் ஒளி மென்மையானது என்பதால் அதற்குத் திசை இல்லை என்று ஆகிவிடாது. வானம் முழுவதும் ஒரே விளக்காக எரிந்தாலும், அதன் மிக வெளிச்சமான பகுதி தலைக்கு நேர் மேலேதான் இருக்கிறது. புருவமும் மூக்கும் தாடையும் அந்த ஒளியைத் தடுப்பதால்தான் கண்குழிகள் இருள்கின்றன. ஆகவே தலைக்கு மேலே ஒரு மறைப்பும், முகத்துக்கு எதிரே திறந்த வானமும் இருக்கும் இடத்தைத் தேடுங்கள்.

தரங்கம்பாடியில் அதற்குச் சிரமமே இல்லை. டேனியர் கட்டிய நகர வாயிலிலிருந்து கடலை நோக்கிக் கிழக்கு மேற்காகச் செல்லும் தெருவில், தூண் வைத்த தாழ்வாரங்கள் கொண்ட பழைய வீடுகள் இருக்கின்றன. கார்த்திகையில் சூரியன் தென்புறமாகவே நகர்வதால், தெருவின் தென்வரிசையில் வடக்குப் பார்த்து நிற்கும் தாழ்வாரங்களில் நேர் வெயில் நாள் முழுவதும் விழாது. மேகம் கலைந்தாலும் உங்கள் ஒளி கலையாது. வீட்டாரிடம் அனுமதி பெற்று, தம்பதியரைத் தாழ்வாரத்தின் விளிம்பிலிருந்து ஓர் அடி உள்ளே நிறுத்துங்கள். இன்னும் உள்ளே தள்ளினால் முகம் மங்கிவிடும்.

ஒருவரையொருவர் நேராகப் பார்த்து நின்றால் ஒருவர் முகம் மட்டும் ஒளி பெறும் என்பதால், இருவரையும் பாதியளவு தெருப்பக்கம் திரும்பச் சொல்லுங்கள். மணமகன் உயரமானவர் என்றால் மணமகளை வெளிச்சம் வரும் பக்கம் நிறுத்துவது அவசியம். முகம் தட்டையாகத் தெரிவதற்கு மருந்து கூடுதல் வெளிச்சம் அன்று. வெளிச்சம் வராத பக்கத்தில் தம்பியைக் கறுப்புத் துணி பிடிக்கச் சொன்னால், அது அந்தப் பக்கத்து ஒளியை விழுங்கி நிழல் தரும், கன்னத்தின் வடிவம் தானாக எழும்.

இரண்டாம் பதில்:

மேலே நண்பர் சொன்னதோடு உடன்படுகிறேன். சிவப்புச் சாயலைப் பொறுத்தவரை, புடவை இருக்கும் பக்கத்திலிருந்து தாடைக்கு நிறம் ஏறுவது இயல்பு. மணமகனின் வெள்ளை வேட்டியே நல்ல ரிஃப்ளெக்டர், அதாவது ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்பு. தம்பதியரைத் திண்ணையில் உட்காரவைத்தால் அது இருவர் முகத்துக்கும் கீழிருந்து ஒளி தரும், சிவப்பும் அடங்கும். அதே வேட்டியும் வெளுத்த வானமும் கேமராவின் மீட்டரை (ஒளியளவியை) ஏமாற்றி முகத்தை இருட்டாக்கும் என்பதால், ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்து அளந்து, அந்த அளவை மேனுவலில் பூட்டிவிடுங்கள். மூடிய வானத்தின் ஒளி 6500 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு) மேல் நீலம் கலந்தது. ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் தோல் நிறம் மாறும். மாநிறத்தையோ கறுப்பையோ எடிட்டிங்கில் வெளுக்க வைக்காதீர்கள் என்பது என் அன்பான வேண்டுகோள். பரந்த, மென்மையான ஒளி நெற்றியிலும் கன்னத்திலும் தரும் மினுமினுப்பு அந்த நிறங்களில்தான் மிக அழகாக விழுகிறது.

வெளிச்சம் குறைவு என்று அபெர்ச்சரை (லென்ஸின் துளையை; எண் சிறிதானால் துளை பெரிது) 1.8-க்குத் திறக்க மனம் போகும். மூன்று மீட்டர் தொலைவில் 85 மி.மீ. லென்ஸில் 1.8 வைத்தால் கூர்மை சுமார் 13 செ.மீ. ஆழத்துக்கே கிடைக்கும், தோளில் சாய்ந்த இருவரின் கண்கள் அதைத் தாண்டிவிடும். 4-இல் அது 30 செ.மீ. வரை விரிகிறது. நல்ல வெயிலைவிட மூடிய வானில் வெளிச்சம் இரண்டு மூன்று ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்); அதை ஐஎஸ்ஓ-வை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனைக் கூட்டிச் சரிசெய்வதே மேல்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. கறுப்புத் துணியை நான் நினைத்துப் பார்க்கவில்லை. இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: மேகமூட்டத்தில் பட்டின் சரிகை மங்கித் தெரிகிறது, அதற்கு வழி உண்டா? கடலோரத்திலும் சில படங்கள் வேண்டும் என்று மணமகள் ஆசைப்படுகிறார்.

மூன்றாம் பதில்:

சரிகை உலோகம், தன் எதிரே இருப்பதைத்தான் பிரதிபலிக்கும். சாம்பல் வானம் எல்லாப் பக்கமும் இருந்தால் சாம்பலாகவே தெரியும். தாழ்வாரத்தில் நிற்கும்போது முந்தானையைச் சற்றுத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தெருவின் வெளிச்சம் அதில் பட்டுக் கேமராவுக்கு வரும் ஒரு கோணம் இருக்கும், அங்கே மட்டும் சரிகை பளிச்சிடும்.

கடலோரத்துக்கு நான் முற்பகலைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் நீண்ட பொன்னொளி நேரம் நமக்குக் கிடையாது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து விரைவில் உச்சிநோக்கி ஏறிவிடுகிறது. உதயத்துக்கு முந்தைய பயனுள்ள வெளிச்சம் 20 நிமிடத்துக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அந்த வாரங்களில் தரங்கம்பாடியில் உதயம் காலை 6.10 மணியளவில் நிகழும் என்பதால், 5.45-க்கே தம்பதியர் மணலில் தயாராக நிற்க வேண்டும். அப்போது ஒளி கடற்பக்கத்து அடிவானிலிருந்து தாழ்வாக வரும், கண்குழிகள் இருளாது. நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்றால், 1620-இல் எழுந்த டேனியரின் டான்ஸ்போர்க் கோட்டை அவர்களுக்குப் பின்னே அமையும்.

கடலே பின்னணியாக வேண்டுமென்றால் மாலை 5.45 அளவில், சூரியன் மறைந்த பின் வாருங்கள். மேற்கு வானத்தின் எஞ்சிய வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழும். முகத்துக்கு ஒளியைத் திருப்பப் பிடிக்கும் தெர்மாகோல் அட்டை வாடைக்காற்றில் நிற்காது, அதற்குப் பதில் தம்பியிடம் வெள்ளைத் துணியைக் கொடுத்துவிடுங்கள். உப்புச் சாரல் லென்ஸில் படிந்தால் படம் முழுவதும் பால் கலந்தது போல் மங்கும் என்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள்.