கடன் நிலுவையும் கிளியரன்ஸும் (அமெரிக்க அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி): உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

பொன்னி:
கிளியரன்ஸ் விண்ணப்பமான எஸ்.எஃப். 86 படிவத்தில், கடன் பற்றிக் கேட்கும் 26ஆம் பகுதியில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்திருந்தேன். நேர்காணலுக்கு வந்த புலனாய்வாளர் கோப்பைத் திறந்து, “1,860 டாலர், வசூல் நிறுவனம்” என்று மட்டும் படித்தார். பிரசவத்தின்போது வந்த ஆஸ்பத்திரிக் கட்டணம் அது. இன்சூரன்ஸ் கட்டிவிட்டது என்றே நம்பியிருந்தேன். அவர் அதட்டவில்லை, அடுத்த கேள்விக்கும் போகவில்லை. பேனா முனையைத் தாளின் மேல் வைத்தபடி காத்திருந்தார். நான் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயிலிருந்து வந்த முதல் சொல், ‘தெரியாது’. உண்மைதான். ஆனால் பொய் சொல்கிறவரும் அதைத்தானே சொல்வார்? அனுமதி கிடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

கரிசல்:
எனக்கு எஸ்.ஓ.ஆர். கடிதமே வந்தது; கிளியரன்ஸ் தர ஏன் தயங்குகிறார்கள் என்று காரணங்களை அடுக்கும் கடிதம். ஒப்பந்த வேலை போய்ப் பதினொரு மாதம் வீட்டில் இருந்தேன். மூன்று கிரெடிட் கார்டுகளில் 31,000 டாலர் ஏறிவிட்டது. பதில் எழுத 20 நாள். நிர்வாக நீதிபதி முன் விசாரணை கேட்டுப் பெற்றேன். கடன் எப்படி வந்தது என்பதைச் சொல்லக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு நீதிபதி, “கடன் கொடுத்தவர்களை முதலில் எப்போது அழைத்தீர்கள்?” என்று கேட்டார். என்னிடம் ஒரு பழைய நோட்டு இருந்தது. யாரிடம் பேசினேன், எந்தத் தேதி, மாதம் 150 டாலருக்கு யார் ஒப்புக்கொண்டார்கள் என்று பென்சிலில் கிறுக்கியிருந்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அறையில் வேறு சத்தமே இல்லை. அந்த நோட்டு இல்லையென்றால் இன்று எனக்கு இந்த வேலை இல்லை.

தாழை:
பொன்னி, உங்கள் மேல் வருத்தம் இல்லை. ஆனால் ‘நம்பியிருந்தேன்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். கேள்வி தெளிவானது: கடந்த ஏழு ஆண்டுகளில் 120 நாளுக்கு மேல் நிலுவை உண்டா? பார்க்காமல் ‘இல்லை’ போடக்கூடாது. கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவுசெய்யும் விதிகளில், கடன் ‘எஃப்’ வழிகாட்டியில் வரும். வேண்டுமென்றே மறைத்தால், நேர்மையைப் பார்க்கும் ‘இ’ வழிகாட்டியும் சேர்ந்துவிடும். இரண்டாவதிலிருந்து மீள்வது மிகக் கடினம். என் அலுவலகத்தில் ஒருவர் 4,000 டாலரை மறைத்து மேசையைக் காலி செய்தார்; திவால் மனு போட்டதை ஒளிக்காமல் எழுதியவர் இன்னும் பணியில் இருக்கிறார்.

இனி விண்ணப்பிக்கிறவர்களுக்கு: படிவத்தைத் தொடும் முன் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களின் கடன் வரலாற்று அறிக்கைகளையும் எடுங்கள், இலவசம்தான். ஏழு ஆண்டு கழித்து அறிக்கையிலிருந்து விழுந்துவிடும் என்று பழைய கடனைக் கிடப்பில் போடாதீர்கள். விழுந்த கடன் தீர்ந்த கடன் ஆகாது. நீதிபதிகள் அதைத் தெளிவாகவே பிரித்துப் பார்க்கிறார்கள். வருமான வரிக் கணக்கை உரிய காலத்தில் தாக்கல் செய்யுங்கள், கட்டப் பணம் இல்லாவிட்டாலும் சரி. மருத்துவச் செலவு, விவாகரத்து, வேலை இழப்பு போன்றவை நம் கையில் இல்லாதவை என்று விதியே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதற்குப் பின் பொறுப்போடு நடந்துகொண்டோமா என்பதையும் அதே வரியில் கேட்கிறது. ரசீது ஒவ்வொன்றையும் வைத்திருங்கள். இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்பவர்கள் ஆல்ட்ரிச் ஏம்ஸை நினைத்துக்கொள்ளட்டும். சி.ஐ.ஏ. அதிகாரியான அவர், பண நெருக்கடியில் 1985இல் ரகசியங்களை விற்க சோவியத் தூதரகத்தின் படியேறினார். அவர் காட்டிக்கொடுத்தவர்களில் பலர் உயிரோடு இல்லை.

பொன்னி:
தாழை, பார்த்திருக்க வேண்டும்தான். ஒப்புக்கொள்கிறேன். கைக்குழந்தையோடு அந்தப் படிவத்தை இரவு இரண்டு மணிக்கு நிரப்பினேன் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

வைகறை:
என்னுடையது தம்பியின் கார் கடன். கூட்டுக் கையெழுத்து மட்டும் நான். கிளியரன்ஸ் உள்ளவர்களை இப்போது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பதில்லை, தொடர்ந்து கண்காணிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி அழைத்து, கதவைச் சாத்தச் சொன்னார். தம்பி ஐந்து தவணை கட்டவில்லை என்பதை அவர் வாயால்தான் அறிந்தேன். அன்று மாலையே முழுவதையும் கட்டி ரசீதைக் கொடுத்தேன், அதோடு முடிந்தது. தம்பியிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்ல அழைத்தபோது, கார் நன்றாக ஓடுகிறது என்றான்.